நான்காம் கட்டிலின் இடது கை

ஆபரேஷன் தியேட்டரின் கூரைக்குமேல் தண்ணீர்க் குழாய் வெடித்ததற்கும் கத்தரியக்காவின் மானம் போனதற்கும் நேரடியாக எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனாலும் கதையை அங்கிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. குழாய் பேசாமல் இருந்திருந்தால் அவள் அன்றைக்கும் தன் தியேட்டரில், தன் கருவித் தட்டுக்குப் பின்னால், தன் பாட்டுக்கு நின்றிருப்பாள்.

கத்தரியக்கா என்பது தியேட்டர்காரர்கள் வைத்த பெயர். சர்ஜன் கையை நீட்டினால் போதும், அவர் வாயைத் திறப்பதற்குள் கத்தரி உள்ளங்கையில் வந்து உட்காரும். இருபத்து மூன்று வருடத்தில் ஒருநாளும் அது தப்பியதில்லை. பேச்சிலும் அவளுக்கு அதே வேகம். எதிராளி பாதி சொல்லும்போதே மீதி அவளுக்குத் தெரிந்துவிடும். அதை இவளே சொல்லி முடித்து, "சரி, அடுத்தது?" என்று நிற்பாள். பேச்சை வெட்டுவதற்கும் சேர்த்துத்தான் அந்தப் பெயர் என்று மயக்க மருந்து டாக்டர் கிண்டல் செய்வார். அவளுக்குக் கோபம் வராது. உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட.

கூரை ஒழுகிய அன்று காலையில் மேட்ரன் எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்துப் பங்கு போட்டார். "இன்னிக்கு ஒரு நாள்தான். நாளைக்குத் தியேட்டர் திறந்துடும். நீங்க டயாலிசிஸ் போங்க."

டயாலிசிஸ் பக்கம் அவள் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. 'எனக்கு அந்த வேலை தெரியாதே மேடம்' என்று சொல்லியிருக்கலாம். சொல்வதற்கு வெட்கப்பட வேண்டிய விஷயமும் அல்ல. ஆனால் பக்கத்தில் போன வருடம் வேலைக்குச் சேர்ந்த பெண்கள் இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். "சரி மேடம்," என்று சொல்லிவிட்டுப் படியேறினாள்.

அந்தப் பிரிவில் எட்டுக் கட்டில்கள், எட்டு இயந்திரங்கள். சிறுநீரகம் கைவிட்டவர்களின் ரத்தத்தை வெளியே எடுத்து, சுத்தம் செய்து, திரும்ப உடம்புக்குள் அனுப்புகிற இயந்திரங்கள். ஒருவருக்கு நான்கு மணி நேரம். வாரத்துக்கு மூன்று நாள். அதற்கு முடிவு என்று ஒரு தேதி கிடையாது. உள்ளே நுழைந்ததும் கத்தரியக்காவை ஆச்சரியப்படுத்தியது இயந்திரங்கள் அல்ல. எல்லாரும் விழித்திருந்தார்கள். ஒருவர் செய்தித்தாள் படித்தார், ஒரு அம்மா அடுத்த கட்டில்காரரிடம் மருமகளைப் பற்றிப் புகார் சொல்லிக்கொண்டிருந்தார். தியேட்டரில் நோயாளி என்பவர் வருவார், ஒன்று இரண்டு எண்ணுவார், தூங்கிப்போவார். இத்தனை பேர் கண்ணைத் திறந்து தன்னையே பார்ப்பது அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

பிரிவின் இன்சார்ஜ் சிஸ்டர் அவளைவிடப் பத்து வயதாவது சின்னவள். நல்ல பெண். மரியாதையாகத்தான் பேசினாள்.

"சிஸ்டர், உங்களுக்கு மூணு, நாலு ரெண்டு பெட் மட்டும் தரேன். மெஷினை நான் பாத்துக்கறேன். நீங்க பிரஷர், நாடி பாத்து எழுதினாப் போதும். நாலாம் பெட் அண்ணனுக்கு மட்டும் ஒரு விஷயம். அவருக்கு இப்போதைக்குக் கழுத்து ட்யூப் வழியாத்தான் ஓடுது, கையில வந்து..."

"பிரஷர் பாக்க எனக்குச் சொல்லித் தரணுமா?" கத்தரியக்கா சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். "இருபத்து மூணு வருஷமா அதைத்தானேம்மா பாக்கறேன். நீ போய் உன் வேலையைப் பாரு."

அதே நேரத்தில் ஏழாம் கட்டிலின் இயந்திரம் கத்தியது. இன்சார்ஜ் ஓடினாள். சொல்ல வந்தது பாதியில் நின்றது. கத்தரியக்காவுக்கு மீதி தெரிந்த மாதிரியே இருந்தது. கழுத்தில் ட்யூப் இருக்கிறது, அசங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், இதற்கு எதற்கு இவ்வளவு பீடிகை?

நான்காம் கட்டிலில் ஐம்பது வயது மதிக்கத்தக்க மனிதர் முழுக்கைச் சட்டையும் கம்பளியுமாகப் படுத்திருந்தார். கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். ஜன்னலுக்கும் படச் சட்டத்துக்கும் அளவெடுத்துக் கண்ணாடி வெட்டிக் கொடுக்கிற தொழில். அந்த அறையில் எல்லாரும் அவரைக் கண்ணாடிக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். குளிரில் உதடு நடுங்கிக்கொண்டிருந்தது. சட்டையைச் சுருட்டச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. பாவம், அப்படியே இருக்கட்டும் என்று சட்டைக்கு மேலேயே பிரஷர் பட்டையைச் சுற்றினாள். அன்றைக்கு அவள் செய்த ஒரே இரக்கமான காரியம் அதுதான். சட்டையைச் சுருட்டியிருந்தால் முழங்கை மடிப்பில் இருந்த தையல் தழும்பைப் பார்த்திருப்பாள்.

பட்டையைச் சுற்றியது இடது கையில். தியேட்டரில் வலது கையில் மருந்து ஏறும், இடது கையில் பட்டை இருக்கும். அது அவள் கைக்குத் தெரிந்த வழக்கம். அதற்கு யோசனை தேவைப்படாது.

"சிஸ்டர், இந்தக் கையில டாக்டர்..." என்று அவர் தொடங்கினார்.

"கையைத் தளர்வா விடுங்க. பேசாதீங்க, பேசினா பிரஷர் தப்பாக் காட்டும்."

அதுவும் உண்மைதான். பிரஷர் பார்க்கும்போது பேசக்கூடாது. அவர் வாயை மூடிக்கொண்டார். பட்டை முதல் முறை இறுக்கியபோது மறுபடியும், "சிஸ்டர்..." என்றார். "கொஞ்சம் இறுக்கும், பழகிடும்," என்று சொல்லிவிட்டு அவள் கருவியின் குமிழைத் திருகினாள். அரை மணிக்கு ஒருமுறை என்று இருந்ததை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை என்று மாற்றினாள். தியேட்டரில் ஐந்து நிமிடம்தான் கணக்கு. அரை மணிக்கு ஒருமுறை பார்ப்பதெல்லாம் ஒரு கவனிப்பா என்று இந்தப் பிரிவைப் பற்றி மனதுக்குள் ஒரு இளக்காரம்.

இந்த நோயில் உடம்பெல்லாம் வரும் அரிப்புக்காக இன்சார்ஜ் போட்ட ஊசியின் மயக்கத்தில் கண்ணாடிக்காரர் தூங்கிப்போனார். பட்டை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை உப்பியது, இறுக்கியது, தளர்ந்தது. நான்கு மணி நேரம். கத்தரியக்கா வரிசை பிசகாமல் எண்களை எழுதினாள். அந்தப் பிரிவில் அப்படி ஒரு அழகான சார்ட்டை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். முடிகிற நேரத்தில் அவருக்குப் பிரஷர் சட்டென்று தொண்ணூறுக்கு இறங்கியபோது முதலில் கவனித்தவள் அவள்தான். கால் பக்கத்தை உயர்த்தி, இன்சார்ஜைக் கூப்பிட்டு, சலைன் ஏற்ற வைத்து, பத்தே நிமிடத்தில் ஆளைச் சரி செய்தார்கள்.

"அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை பாத்தீங்களா? அதான் உடனே பிடிச்சிட்டீங்க," என்றாள் இன்சார்ஜ்.

"தியேட்டர் பழக்கம்," என்றாள் கத்தரியக்கா. தலை கொஞ்சம் நிமிர்ந்துதான் இருந்தது. கம்பளிக்குள்ளிருந்து பட்டையைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினாள்.

இன்சார்ஜ் கட்டிலின் மறுபக்கம் வந்து கண்ணாடிக்காரரின் இடது கைச் சட்டையை முழங்கைக்கு மேல் சுருட்டினாள். தழும்பின் மேல் மூன்று விரலை வைத்தாள். எடுத்தாள். இடம் மாற்றி வைத்தாள். ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டாள். அவள் முகம் மாறியது.

தழும்பைப் பார்த்த நொடியிலேயே கத்தரியக்காவுக்கு அது என்னவென்று புரிந்துவிட்டது. அந்தத் தையலை அவள் நூறு தடவை பார்த்திருக்கிறாள். கையின் இரண்டு ரத்தக் குழாய்களை ஒன்றோடொன்று சேர்த்துத் தைப்பது. ஆறு, எட்டு வாரத்தில் குழாய் பருத்து, ஊசி குத்த லாயக்காகும். அதன் பிறகு கழுத்து ட்யூப் வேண்டாம், வருடக்கணக்காக அந்தக் கையே போதும். தைக்கும்போது கத்தரியை எடுத்துக் கொடுத்தவள் அவளாகக்கூட இருக்கலாம். தைத்து அனுப்பிய பிறகு அந்தக் கை எங்கே போகிறது, யார் அதைக் காப்பாற்றுகிறார்கள் என்று அவள் ஒருநாளும் யோசித்ததில்லை. ஆனால் ஒரு விஷயம் அவளுக்குத் தெரியும். படித்த காலத்திலிருந்தே தெரியும். அந்தக் கையில் பிரஷர் பட்டை கட்டக்கூடாது, இறுக்கினால் குழாய்க்குள் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும்.

"காலையில நானே தொட்டுப் பாத்தேன், நல்லா ஓடிட்டிருந்துச்சு," என்றாள் இன்சார்ஜ். "அண்ணே, இந்தக் கை மேல சாஞ்சு தூங்கினீங்களா?"

கண்ணாடிக்காரர் அரைத் தூக்கத்தில் இருந்தார். இன்சார்ஜைப் பார்த்தார். கொக்கியில் தொங்கிய பட்டையைப் பார்த்தார். பிறகு கத்தரியக்காவைப் பார்த்தார்.

"தூங்கிட்டேன் போலம்மா," என்றார்.

இன்சார்ஜ் திரும்பினாள். "சிஸ்டர், பிரஷர் வலது கையிலதானே பாத்தீங்க?"

சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. 'சாப்பிட்டாச்சா?' என்று கேட்கிற மாதிரிதான் கேட்டாள். கத்தரியக்கா வாயைத் திறந்தபோது உண்மை வரும் என்றுதான் அவளே நினைத்தாள்.

"ஆமா," என்றாள்.

அந்த ஒரு சொல்லோடு நின்றிருந்தாலும் போகட்டும் என்று விடலாம். சார்ட்டின் தலைப்பில் 'எந்தக் கை' என்று ஒரு கட்டம் இருந்தது. காலையில் அதை நிரப்பாமல் விட்டிருந்தாள். இன்சார்ஜ் டாக்டருக்குப் போன் செய்யப் போன இடைவெளியில், தன் அழகான கையெழுத்தில், அதில் 'வலது' என்று எழுதினாள். கை நடுங்கவில்லை. அதை நினைத்தால்தான் பிற்பாடு அவளுக்கு உடம்பு கூசியது.

கண்ணாடிக்காரரின் மனைவி வெளியே நாற்காலியில் இருந்தார். இன்சார்ஜ் போய் விஷயத்தைச் சொன்னாள். கை அடைத்துக்கொண்டது, நாளைக்குக் காலையில் தியேட்டரில் சர்ஜன் பார்ப்பார், திறக்க முடியுமா என்று அவர்தான் சொல்ல வேண்டும், முடியாவிட்டால் வலது கையில் புதிதாகத் தைக்க வேண்டியிருக்கும். அந்தம்மா கணவரைச் சக்கர நாற்காலியில் வைத்து வெளியே தள்ளிக்கொண்டு வந்த பிறகுதான் வெடித்தார்.

"ஆறு வாரமா நான் எப்படிக் காத்தேன் அந்தக் கையை? நீங்க புரளக்கூடாதுன்னு தலகாணி முட்டுக் குடுத்து, நான் தரையில உக்காந்து, கண்ணு சொருகினா முகத்தைக் கழுவிட்டு வந்து மறுபடி உக்காந்து... காலையில எழுந்ததும் காதை வச்சுக் கேப்பேன், பூனை உறுமுற மாதிரி சத்தம் வருதான்னு. இன்னிக்குக் காலையிலகூட வந்துச்சு. நாலு மணி நேரம் நான் பக்கத்துல இல்ல. நாலே மணி நேரம். தூங்கிட்டேன்னு சொல்ல உங்களுக்கு வெக்கமா இல்ல?"

"தெரியாம ஆயிடுச்சு," என்றார் அவர்.

"வலது கையிலயும் தச்சுட்டா எதை வச்சுக் கண்ணாடி வெட்டுவீங்க? கடையை என்ன பண்றது? பதில் சொல்லுங்க."

வராந்தாவில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார், திட்டு வாங்குகிற பிள்ளை மாதிரி. மூன்றடி தூரத்தில், கதவுக்குப் பின்னால், கையில் சார்ட்டோடு கத்தரியக்கா நின்றுகொண்டிருந்தாள். அந்தத் திட்டு ஒவ்வொன்றும் யாருக்குச் சேர வேண்டியது என்று அந்த வராந்தாவிலேயே அவளுக்கு மட்டும்தான் தெரியும். அப்படித்தான் அப்போது அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்குப் போனாள். பேருந்து டிப்போவில் வேலை பார்க்கிற கணவர் அவளுக்கு முன்னாலேயே வந்து டீ போட்டு வைத்திருந்தார்.

"புது இடம் எப்படி இருந்துச்சு?"

"எல்லா இடமும் ஒண்ணுதான்."

"ஒரு சமாச்சாரம். அந்தச் சமையலறை ஜன்னல், டேப் ஒட்டியே வருஷம் ஓடிடுச்சு. யாராவது கண்ணாடிக் கடையில சொல்லி..."

"இப்ப அது ரொம்ப அவசரமா?" என்று எரிந்து விழுந்தாள். அவர் ஒன்றும் புரியாமல் டம்ளரை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனார்.

விரிசல் விட்ட அந்த ஜன்னலுக்கு எதிரே நின்று அவள் தனக்குத்தானே வக்கீலானாள். புதிதாகத் தைத்த கை அடைத்துக்கொள்வது புதுசா? எத்தனையோ பேருக்குத் தானாகவே அடைக்கிறது. பிரஷர் வேறு இறங்கியது, அதனாலும் ஆகியிருக்கலாம். பட்டையால்தான் ஆனது என்று யார் நிரூபிக்க முடியும்? முடியாது. அவரே தூங்கிவிட்டேன் என்று சொல்லிவிட்டார். வாதம் எல்லாப் பக்கமும் கச்சிதமாக இருந்தது. இருந்தும் கையைக் கழுவக் குழாயைத் திறந்தவள் திறந்தபடியே நின்றாள். தவறு என்றால் யாருக்கும் நேரும். இடது கையில் பட்டை கட்டியது தவறு. அந்தக் கட்டத்தில் 'வலது' என்று எழுதியது தவறு இல்லை. அதற்கு வேறு பெயர். அந்தப் பெயரைத் தன்னோடு சேர்த்து நினைத்துப் பார்க்க அவளுக்கு அருவருப்பாக இருந்தது. அன்று சாப்பிடாமலேயே படுத்தாள்.

மறுநாள் தியேட்டர் திறந்துவிட்டது. கூரையில் புதுச் சுண்ணாம்பு, தரையில் மருந்து வாடை. அவளுடைய தட்டு, அவளுடைய விளக்கு, அவளுடைய இடம். பலகையில் முதல் பெயருக்கு எதிரே 'இடது கை, அடைப்பு' என்று எழுதியிருந்தது.

இந்த ஆபரேஷனுக்கு முழு மயக்கம் கிடையாது. கையை மட்டும் மரத்துப்போகச் செய்வார்கள். நோயாளி கடைசி வரைக்கும் விழித்திருப்பார். கண்ணாடிக்காரரைத் தள்ளிக்கொண்டு வந்தபோது அவள் தொப்பியும் முகமூடியுமாக நின்றாள். வெளியே தெரிந்தது கண்கள் மட்டும்தான். அவருக்கு அது போதுமானதாக இருந்தது. ஒரு கணம் பார்த்தார். பிறகு மரியாதையாகத் தலையை அசைத்தார். அந்த மரியாதை அவளைச் சுட்டது.

சர்ஜன் வயதில் பெரியவர், கொஞ்சம் கிண்டல்காரர். ஃபைலைப் புரட்டிக்கொண்டே வந்தார்.

"என்ன அண்ணே, கையைத் தலகாணியா வச்சுத் தூங்கிட்டீங்களாமே?"

"ஆமா சார். என் தப்புதான்."

"ஒரு தடவை சாஞ்சதுக்கே அடைக்குதுன்னா, அந்தக் குழாயே சரியில்லைன்னு அர்த்தம்." சர்ஜன் ஃபைலை மூடினார். கிண்டல் போய்விட்டது. "உங்ககிட்ட மறைக்கல. இதைத் தொறந்து விட்டாலும் மறுபடி அடைச்சுக்கும். இதுல மெனக்கெடறதுக்குப் பதிலா, நேரா வலது கையில புதுசாத் தச்சுடலாம்னு பாக்கறேன். என்ன சொல்றீங்க?"

கண்ணாடிக்காரர் வலது கையைத் தூக்கிப் பார்த்தார். விரல்களின் ஓரமெல்லாம் பழைய வெட்டுத் தழும்புகள், மெல்லிய வெள்ளைக் கோடுகளாக.

"அதுல தச்சா வேலை பாக்க முடியுமா சார்?"

"கண்ணாடி வெட்டுற வேலை வேண்டாம். குழாய் பருத்திருக்கும். அதுல கண்ணாடி கிண்ணாடி பட்டுச்சுன்னா ரத்தத்தை நிறுத்த முடியாது."

"நீங்க எது சொன்னாலும் சரி சார்," என்றார் அவர்.

சர்ஜன் கத்தரியக்காவின் பக்கம் திரும்பினார். "வலது கைக்கு ரெடி பண்ணுங்க."

இருபத்து மூன்று வருடத்தில் முதல் தடவையாக அவர் கேட்டது அவர் கைக்கு வரவில்லை. அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"சார், அவர் கை மேல தூங்கல." தன் குரல் தனக்கே யாருடையதோ மாதிரி கேட்டது. "நேத்து டயாலிசிஸ்ல நான்தான் இருந்தேன். இடது கையில பிரஷர் பட்டை கட்டினது நான். அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை. நாலு மணி நேரம்."

மயக்க மருந்து டாக்டர் செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்தினார். சர்ஜன் மறுபடியும் ஃபைலைத் திறந்தார்.

"சார்ட்ல வலதுன்னு இருக்கே."

"அது நான் பின்னால எழுதினது."

"பின்னாலன்னா?"

"கை அடைச்சது தெரிஞ்சதுக்கு அப்புறம்."

அங்கே இருந்த எல்லாரும் அவளுக்குத் தெரிந்தவர்கள். பாதிப் பேருக்கு வேலை கற்றுக் கொடுத்ததே அவள்தான். அவர்களில் ஒருவரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. முகமூடி இருந்தும் தான் அம்மணமாக நிற்பதுபோல் அவள் கூனிக் குறுகினாள்.

சர்ஜன் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். "நாற்பத்தெட்டு தடவை," என்று தனக்குள் கணக்குப் போட்டார். "கடைசியில பிரஷரும் இறங்கியிருக்கு. அப்ப அடைக்காம என்ன செய்யும்? குழாய் நல்லாத்தான் இருந்திருக்கணும்." நோயாளியின் பக்கம் குனிந்தார். "அண்ணே, இடது கையையே தொறந்து பாக்கறேன். காப்பாத்த முடியும்னு தோணுது. இந்த சிஸ்டர் இங்க இருக்கலாமா, வேற ஆளைக் கூப்பிடணுமா? நீங்க சொல்றதுதான்."

கண்ணாடிக்காரர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவங்க வேலை தெரிஞ்சவங்கதானே சார்?"

"இந்த வேலையில அவங்களுக்கு மேல ஆள் கிடையாது."

"அப்ப இருக்கட்டும்."

மன்னித்துவிட்டுச் சொன்ன பேச்சு அல்ல அது. நல்ல வெட்டு விழ வேண்டும் என்று நல்ல கருவியைத் தேர்ந்தெடுக்கிற தொழில்காரரின் பேச்சு. கத்தரியக்கா வேலை செய்தாள். சர்ஜன் குழாயைத் திறந்து, உள்ளே மெல்லிய பலூனை விட்டு, உறைந்த ரத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து வெளியே எடுத்தார். கருப்பாக, புழு மாதிரி வந்தது. அதைத் தட்டில் வாங்கியவள் அவள்தான். தன் கையால் உண்டாக்கியதைத் தன் கையாலேயே வாங்கி வைத்தாள். முக்கால் மணி நேரம் கழித்து ரத்தம் குதித்துக்கொண்டு வந்தது. தைத்து முடித்துச் சர்ஜன் விரலை வைத்துப் பார்த்தார்.

"உறுமுது," என்றார்.

வேலை முடிந்ததும் முதலில் மேட்ரனிடம் போய் எழுதிக் கொடுத்தாள். பட்டையைப் பற்றி நான்கு வரி, கட்டத்தில் எழுதியதைப் பற்றி இரண்டு வரி. விசாரணை வரும் என்றார் மேட்ரன். அடுத்தது டயாலிசிஸ். இன்சார்ஜ் முழுவதையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "சிஸ்டர், நான் சொல்லத்தானே வந்தேன்."

கடைசியாகத்தான் வராந்தாவில் உட்கார்ந்திருந்த அந்தம்மாவிடம் போனாள். முதலில் போயிருக்க வேண்டிய இடம் அதுதான். கை பிழைத்துவிட்டது என்று சொன்னதும் அந்தம்மா கண்ணை மூடிக்கொண்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்த கையை விடுவித்துக்கொள்ளாமலே கத்தரியக்கா மீதியைச் சொன்னாள். பிடி மெல்ல மெல்லத் தளர்ந்து, விலகிப் போனது.

"அப்ப அவர் தூங்கல."

"தூங்கினாரு. ஆனா கை மேல இல்லம்மா. அவர் மேல தப்பே இல்ல."

"நேத்துலேருந்து நான் அவரைப் பேசாத பேச்சு இல்ல," என்றார் அந்தம்மா. குரல் உயரவில்லை. "என் வாயால, உங்களைக் கட்டிக்கிட்டு என்ன சொகத்தைக் கண்டேன்னு கேட்டுட்டேன். உயிருக்குப் போராடுற மனுஷனை. அதை நான் எப்படித் திரும்ப வாங்கறது? நீங்க கையைச் சரி பண்ணிட்டீங்க. இதுக்கு என்ன பண்ணுவீங்க?"



கண்ணாடிக்காரரை வார்டுக்கு அனுப்பும் முன் ஒரு முறை பிரஷர் பார்க்க வேண்டும். வேறு யாரையாவது அனுப்பியிருக்கலாம். அவளேதான் போனாள். அவர் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"ஏன் நேத்து சொல்லல?" என்று கேட்டாள். கேட்டதுமே அந்தக் கேள்விக்கும் தனக்கு உரிமை இல்லை என்று பட்டது. "நீங்க முழிச்சதும் பட்டையைப் பாத்தீங்க. உங்களுக்குத் தெரியும்."

"கை மரத்திருந்துச்சு. தெரிஞ்சுது." அவர் நிறுத்தினார். கத்தரியக்காவின் நாக்கு நுனிக்கு ஏதோ வந்தது. அதை விழுங்கிவிட்டுக் காத்திருந்தாள். அவர் மெதுவாகத் தொடர்ந்தார். "மொதல்ல ரெண்டு தடவை வாயெடுத்தேன். மூணாவது தடவை சொன்னா கோச்சுக்குவீங்களோன்னு விட்டுட்டேன். அப்புறம் அந்த சிஸ்டர் கேட்டப்ப... வாரத்துல மூணு நாள் நான் அங்க வந்து படுக்கணும் சிஸ்டர். என் ரத்தம் பூரா வெளியில ஓடிட்டிருக்கும். அந்த நேரத்துல உங்க ஆளுங்க யாரையும் பகைச்சுக்கிட்டு நான் என்ன பண்ண முடியும்?"

நேற்று அந்த மனிதர் தன்னைக் காப்பாற்றினார் என்றும், பெரிய மனசு என்றும், இப்போது இந்த நிமிடம் வரைக்கும் அவள் எங்கோ ஒரு ஓரத்தில் நம்பிக்கொண்டிருந்தாள். அது பெரிய மனசு இல்லை. பயம். அவர் பயந்தது நோய்க்கு அல்ல, அவளுக்கு.

"ஒண்ணு கேக்கலாமா?" என்றார் அவர். "இதெல்லாம் எழுதிக் குடுத்துட்டீங்கன்னு டாக்டர் சொன்னாரு. நாளன்னிக்கு நான் அங்க போனா, அவங்க யாரும் என்மேல கோபமா இருக்க மாட்டாங்களே?"

"மாட்டாங்க," என்றாள். "எழுதினது என் தப்பை மட்டும்தான். உங்க பேச்சே அதுல இல்ல."

அவர் தலையாட்டினார். நம்பினாரா என்று தெரியவில்லை. அவள் பட்டையை எடுத்துக்கொண்டு கட்டிலை நெருங்கினாள். கட்டுப் போட்ட இடது கையை அவர் அவசரமாக, வலியோடு இழுத்துப் போர்வைக்குள் ஒளித்துக்கொண்டார். அப்படிச் செய்தது தனக்கே சங்கடமாகி, அவளைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார்.

"எந்தக் கையில பாக்கட்டும், சொல்லுங்க," என்றாள் கத்தரியக்கா.

அவர் உடனே வலது கையை நீட்டவில்லை. அவள் பட்டையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.